நூற்றாண்டுப் பசை

கட்டைவிரலை நக்காமல் இயக்குநருக்குப் பக்கம் புரளாது. தேசிய மருத்துவ நூலகத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று விளக்கும் தடித்தடிப் புத்தகங்கள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருக்கின்றன. ஆனாலும் நாக்கு வெளியே வரும், விரல் அதன்மேல் ஒருமுறை படுத்துப் புரளும், அந்த ஈரம் போய்ப் பக்கத்தின் மேல்மூலையில் உட்காரும். எதிரே நின்ற துணை நூலகர் இந்தக் காட்சியைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறாள். இன்னும் குமட்டல் நிற்கவில்லை. அவர் படித்துவிட்டுத் தரும் காகிதத்தை இரண்டு நகங்களால் மட்டும் பிடித்து வாங்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இயக்குநருக்கு நூலகத்துக்குள் ‘முன்னுரை’ என்று பெயர். யார் புத்தகம் போட்டாலும் முன்னுரை எழுதித் தருவார் என்பது ஒரு காரணம். எதைக் கேட்டாலும் முன்னுரையிலேயே சுற்றிக்கொண்டிருப்பார், விஷயத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டார் என்பது இன்னொரு காரணம்.

மறுநாள் நூற்றாண்டு விழா. விழா முடிந்ததும் அச்சேறப் போகும் மலருக்காக அவள் எழுதிய நூலக வரலாறுதான் இப்போது அவர் எச்சிலில் நனைந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா ஆரம்பமே ஒழுகுற கூரைன்னு இருக்கே.”

“ஒழுகித்தான் சார் ஆரம்பிச்சது.”

அது உண்மை. இந்த மகத்தான நிறுவனத்தை யாரும் கனவு கண்டு உண்டாக்கவில்லை. ராணுவ மருத்துவர் ஒருவரின் வீட்டுக் கூரை ஒழுகியது. நனைந்துபோகிற தன் புத்தகங்களை வைக்க அவர் பாசறை முழுவதும் இடம் தேடினார். ஒழுகாத கூரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பிணவறையை ஒட்டிய அறை. உயிரோடிருந்த சிப்பாய்கள் நனைந்தார்கள், செத்தவர்கள் மட்டும் காய்ந்த இடத்தில் கிடந்தார்கள். புத்தகங்களும் அவர்களுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. மருத்துவர் மாற்றலாகிப் போனார். புத்தகங்களுக்கு மாற்றல் உத்தரவு வரவில்லை. அடுத்து வந்தவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். ‘இருப்பது இருந்தபடியே தொடர்க’ என்று பதில் வந்தது. தேசிய நிறுவனம் பிறந்துவிட்டது.

“பிணவறைன்றதை எடுத்துடுங்க,” என்றார் இயக்குநர். “அமைதியான சூழல்னு போடுங்க.”

“அமைதியாத்தான் சார் இருந்திருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்துக்காக நாக்கு வெளியே வந்தது. “அப்புறம் இந்தச் சிவப்புச் சீட்டு. இதுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்? நூறு வருஷத்துல நாம சாதிச்சது தப்பு கண்டுபிடிச்சதுன்னு எழுதினா பார்க்க நல்லாவா இருக்கும்?”

துணை நூலகருக்கு இந்த இடம் மட்டும் வலித்தது. அவளைக் கேட்டால், இந்த நூலகம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தச் சீட்டுதான். மற்றதெல்லாம் தூசி தட்டல்.

இரண்டாவதாக வந்த நூலகர் ஒரு சண்டைக்காரர். அவர் காலத்தில், பல் முளைக்கிற குழந்தைகளுக்கு ஒரு பொடி நல்லது என்று ஏதோ ஓர் இதழில் கட்டுரை வந்தது. பொடி விஷம் என்று பிறகு தெரிந்தது. இதழ்க்காரர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், அதாவது வேறொரு மாதத்து இதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை எவன் படிப்பான். தூரத்து ஊர் மருத்துவர் ஒருவர் நூலகத்துக்கு எழுதிக் கேட்டார். நூலகமும் கட்டுரையை அழகாகப் பிரதி எடுத்து அனுப்பிவைத்தது. அந்த ஊர்க் குழந்தைகளும் செத்தார்கள். சண்டைக்காரர் அன்றைக்கே கடையிலிருந்து சிவப்புக் காகிதம் வாங்கிவரச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மருத்துவக் கட்டுரை எங்கே திரும்பப் பெறப்பட்டாலும், இந்த நூலகத்தில் அதன் முதல் பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புச் சீட்டு ஏறும். என்ன தப்பு, எதைச் செய்யக்கூடாது, நூலக முத்திரை, நூலகர் கையெழுத்து. மாவுப் பசையில் அழுத்தி ஒட்டுவார்கள். பிரதி எடுத்தால் சீட்டும் சேர்ந்தே வரும்.

இப்போது அந்த வேலை துணை நூலகருடையது. அதனால் அவளுக்கு ‘பசையம்மா’ என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. நாக்கால் பெயர் வாங்குவதைவிடப் பசையால் வாங்குவது மேல்.

“அந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துட்டா விழாத் தலைவரோட படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடலாம்,” என்று இயக்குநர் முடித்தார். முன்னுரை முடிந்து விஷயத்துக்கு வந்தது அபூர்வம். அதற்கு நன்றி சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

கீழே ‘பதில் மேசை’ இருக்கிறது. நாட்டின் எந்த மூலை மருத்துவமனையிலிருந்து எதைக் கேட்டாலும் தேடி எடுத்து அனுப்புகிற மேசை. அதில் உட்கார்ந்திருப்பவர் சந்தோஷமான மனிதர். மழை பெய்தாலும் சந்தோஷம், பெய்யாவிட்டாலும் சந்தோஷம்.

“மேடம், நம்ம மின்னூலகம் வந்தது எவ்வளவு வசதி தெரியுமா? முன்னெல்லாம் கட்டுரை போய்ச் சேர்றதுக்குள்ள நோயாளி குணமாயிடுவான், இல்லன்னா போயிடுவான். இன்னிக்குக் காலையில எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா கேட்டாங்க. தட்டினேன், போயிடுச்சு.”

“என்ன கேட்டாங்க?”

“பச்சைக் குழந்தைக்கு வலிப்பு நிக்கலையாம். நாளைக்கு வர்ற நம்ம விழாத் தலைவர், அதான் பெரிய டாக்டர், அவரோட அந்தப் பழைய கட்டுரை.”

பெரிய டாக்டர் பெரிய டாக்டரானதே அந்தக் கட்டுரையால்தான். வலிப்பு மருந்தை வழக்கத்தைப்போல் மும்மடங்கு கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று அதில் எழுதியிருந்தார். ஊரே கொண்டாடியது. பிறகு யாரோ குடைந்து பார்த்தபோது, கட்டுரையில் பிழைத்துக்கொண்ட குழந்தைகளில் பாதிப்பேர் எந்த ஆஸ்பத்திரியிலும் பிறக்கவேயில்லை என்பது தெரிந்தது. நிஜமாகப் பிறந்திருந்த சிலருக்குச் சிறுநீரகம் போயிருந்தது. இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அவர் பதவியில் ஏறியிருந்தார். இதழாசிரியரை ஒரு காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இதழும் கொஞ்ச நாளில் செத்துப்போனது. அதன் முழுத் தொகுதி இன்று நாட்டில் இந்த ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது.

“சீட்டோடதானே அனுப்பினீங்க?”

“எந்தச் சீட்டு?” என்றார் அவர், சந்தோஷமாகவே.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். கட்டுரையின் முதல் பக்கம் குளித்துத் தலைவாரி நின்றது. சிவப்பு இல்லை. தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் கையாலேயே ஒட்டிய சீட்டு இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்தின் அடியில் நூற்றாண்டுச் சின்னம் பளபளத்தது. சின்னத்தைச் சுற்றி ‘தேசிய மருத்துவ நூலகம் சரிபார்த்தது’ என்று எழுதியிருந்தது.

மேலே கண்காட்சி அறைக்கு ஓடினாள். அசல் தொகுதி கண்ணாடிப் பெட்டிக்குள், புதுத் தோல் அட்டையில், அதே பக்கத்தில் திறந்து வைத்திருந்தது. ‘நம் பெருமைக்குரிய விழாத் தலைவரின் புகழ்பெற்ற ஆய்வு’ என்று பக்கத்தில் ஒரு பலகை. பெட்டியின் சாவி அவளிடம்தான். திறந்து தடவிப் பார்த்தாள். சீட்டு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டம் மட்டும், சூடு வைத்து ஆறிய தோலைப்போல. அடுத்த தொகுதியைப் புரட்டினாள். அதிலும் ஒரு கட்டம். அடுத்ததிலும்.

சீட்டுகளை நீக்கியவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. விழாவுக்காகப் பழைய தொகுதிகளுக்கெல்லாம் புது அட்டை போடும் வேலையை எடுத்திருந்தவர் இயக்குநரின் மச்சினன். கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் தோலுக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க அக்கா. பார்த்தீங்களா, எப்படி இருக்கு? அப்படியே மணப்பொண்ணு மாதிரி.”

“உள்ள ஒட்டியிருந்த சிவப்புச் சீட்டெல்லாம் எங்கே?”

“அதை ஏன் கேக்குறீங்க. எவனோ பைத்தியக்காரன் பார்த்த இடத்துலல்லாம் ஒட்டி வச்சிருக்கான். அதுவும் எங்கே? நல்ல நல்ல கட்டுரைக்குத் தலையிலயே. மாமா சொன்னாரு, ‘உள்ள இருக்கிற ஒட்டு, குப்பை, பூச்சி எல்லாத்தையும் எடுத்துடு, தலைவர் கண்ணுல படக்கூடாது’ன்னு. ஆவி பிடிச்சுப் பிடிச்சு ஒண்ணு விடாம உரிச்சுட்டேன். அப்புறம்தான் படம் பிடிக்கிறவங்க வந்து மின்னூலகத்துக்குப் படம் பிடிச்சாங்க.” அவர் முகத்தில் பெருமை பொங்கியது. “கையெல்லாம் வெந்துபோச்சு அக்கா.”

நூலகம் ஒரு ஆயுட்காலம் முழுவதும் பிடித்துக் கட்டிவைத்த பொய்களையெல்லாம் இந்த மனிதர் ஆவி காட்டி அவிழ்த்துவிட்டிருக்கிறார். அவர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. பூச்சியை எடு என்றார்கள், பூச்சிமருந்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். கோபத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம் மாடியில் இருந்தது.

அவள் சொன்னதையெல்லாம் இயக்குநர் கேட்டார். முதலில் கொஞ்சம் வெளிறினார். பிறகு, பால் பாத்திரத்தைப் பார்த்த பூனைபோல, முகத்தில் மெல்ல மெல்ல ஓர் அமைதி வந்தது.

“தெரியாம நடந்துபோச்சு. ஆனா மேடம், நடந்ததும் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான். அந்தச் சீட்டோட அந்தப் பக்கத்தை எப்படிக் கண்ணாடிக்குள்ள வைக்கிறதுன்னு நானே யோசிச்சிட்டிருந்தேன்.”

“அந்தக் கட்டுரை இப்ப ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு சார். நம்ம முத்திரையோட.”

“விழா முடியட்டும். நாளை மறுநாள் பொதுவா ஒரு சுற்றறிக்கை விட்டுடலாம். ‘சில கட்டுரைகளை வாசகர்கள் கவனத்துடன் அணுகவும்’னு.”

“குழந்தைக்கு வலிப்பு இன்னிக்கு சார்.”

“புரியுது. ஆனா திரும்பப் பெறப்பட்டதுன்ற வார்த்தை இன்னிக்கு நம்ம நூலகத்துலேர்ந்து எழுத்துல வெளியே போகக்கூடாது. நாளைக்கு அவர் வந்து நிக்கிறப்ப நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?”

அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. ஒழுகாத கூரை உள்ள இடம்தான். சொல்லவில்லை. அவர் மேசை இழுப்பறையை இழுத்து நூலக முத்திரையை உள்ளே வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, மலரின் அடுத்த பக்கத்தைப் புரட்ட விரலை வாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் கீழே வந்து தொலைபேசியை எடுத்தாள். எல்லைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. குரலைக் கேட்டால் சின்ன வயது. தூங்கி எவ்வளவு நாளாயிற்றோ தெரியாது.

“அந்தக் கட்டுரையில சொல்ற அளவைக் கொடுத்துடாதீங்கம்மா. அது திரும்பப் பெற்ற கட்டுரை. கிட்னி போயிடும்.”

“என்ன மேடம் சொல்றீங்க? உங்க முத்திரையோடதான வந்திருக்கு. சரிபார்த்ததுன்னு போட்டிருக்கே.”

“தப்பாப் போட்டிருக்கு.”

“எங்க சீஃப் பெரிய டாக்டர்கிட்டப் படிச்சவரு. பிரதியைப் பார்த்ததும், ‘என் குருநாதர் சொன்னதுக்கு அப்பீலே இல்லை, சாயந்தர வேளை மருந்தை இந்த அளவுலயே கொடு’ன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. போன்ல யாரோ சொன்னாங்கன்னு நான் மாத்தினா என்னை இங்க உயிரோட விடமாட்டாங்க. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. முத்திரை போட்டு ஏதாவது ஒண்ணு அனுப்புங்க மேடம். சாயந்தரத்துக்குள்ள. நான் பார்த்துக்கறேன்.”

முத்திரை மாடியில் பூட்டிக் கிடந்தது. முத்திரை குத்திய சீட்டு ஒன்று இந்த வளாகத்துக்குள் எங்கேயோ கிடக்க வேண்டும். அவள் மறுபடி கொட்டகைக்குப் போனாள்.

“உரிச்ச சீட்டையெல்லாம் என்ன பண்ணீங்க?”

“தொட்டியிலதான் கிடக்கு அக்கா. ஊறட்டும், பழைய பசையைப் பிழிஞ்சு வேற எதுக்காவது வச்சுக்கலாம்னு.” மச்சினன் கொஞ்சம் தயங்கினார். “நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க. வாடை தாங்காது.”

கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி. கிட்டே போவதற்குள்ளேயே நாற்றம் முகத்தில் வந்து அப்பியது. தலைமுறை தலைமுறையாகக் காய்ந்திருந்த மாவுப் பசை தண்ணீரைக் கண்டதும் உயிர்பெற்று ஊதிப் புளித்து, மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டியிருந்தது. ஏட்டின் மேல் கரப்பான் பூச்சிகள் மல்லாந்து மிதந்தன. சில இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன. சுவர் ஓரத்தில் ஏதோ ஒன்று, எலியாக இருந்தது, இப்போது எலி என்று சொல்ல முடியாது.

“கையுறை தரட்டுமா அக்கா?”

“இருக்கா?”

“இல்லை. மரியாதைக்குக் கேட்டேன்.”

அவள் வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. குளிர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ பிராணியின் வாய்க்குள் கைவிட்டதுபோல வழவழவென்று எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டது. கைக்கு வந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் கல்மேல் பரப்பினாள். முத்திரைகளின் மை மங்கியிருந்தது, அழியவில்லை.

திரும்பப் பெறப்பட்டது: கர்ப்பிணிகளின் வாந்திக்கு இதைக் கொடுக்கக்கூடாது, குழந்தை கைகால் இல்லாமல் பிறக்கும். திரும்பப் பெறப்பட்டது: இந்த மூளை அறுவையால் கோபக்காரர்கள் சாந்தமானதாகச் சொல்வது உண்மை, அவர்கள் எதுவுமே பேசாமல் போனது சொல்லப்படவில்லை. திரும்பப் பெறப்பட்டது: இந்த ஆய்வுக்குச் சம்மதித்ததாகச் சொல்லப்படும் கைதிகள் யாரும் கையெழுத்துப் போடவில்லை, அவர்களுக்கு எழுதத் தெரியாது.

மாடியில் எச்சிலில் ஊறிக்கொண்டிருந்தது மலர். வரலாறு இங்கே கரப்பானோடு ஊறிக்கொண்டிருந்தது.

மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். “இதெல்லாம் நிஜமா அக்கா? நான் ஏதோ விளம்பரச் சீட்டுன்னு நினைச்சேன்.” பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் கையை விட்டார். “மாமா ஒண்ணும் சொல்லலையே என்கிட்ட,” என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

அவள் தேடியது கடைசியில், அடியில், எலி இருந்த மூலையில் அகப்பட்டது. அதன் கீழ் ஓரத்தில் ஒட்டியிருந்த ரோமத்தை அவள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அப்படியே கண்காட்சி அறைக்குக் கொண்டுபோய்க் கட்டுரையின் தலையில் அந்த இளஞ்சிவப்புக் கட்டத்துக்குள் வைத்து அழுத்தினாள். கச்சிதமாகப் பொருந்தியது. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாள். முத்திரை, கையெழுத்து, ‘பயன்படுத்தக்கூடாது’ என்ற வாசகம் எல்லாம் தெளிவாக இருந்தன.

பதில் வர வெயில் இறங்கிவிட்டது. ‘சீஃப் சத்தம் போட்டார். காட்டினேன். நிறுத்தச் சொல்லிட்டார். பழைய மருந்தே, பழைய அளவு.’

அவள் சீட்டைப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைப் பூட்டினாள். மச்சினன் மற்றச் சீட்டுகளைக் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். விழா முடிந்த பிறகு இரண்டு பேருமாகச் சத்தமில்லாமல் ஒட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் அவள் புருஷன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துக்கொண்டு மோந்து பார்த்தார்.

“ஏம்மா, உங்க நூலகத்துல புத்தகம்தானே இருக்கு? இல்லை, செத்துப்போன டாக்டருங்களையும் அடுக்கி வச்சிருக்கீங்களா?”

“கையைக் கழுவிட்டேங்க. சோப்பு தீர்ந்துபோச்சு, வாடை போகலை.”

“ரத்தக்கறை மாதிரி இருக்கே.”

“சீட்டோட சாயம்.” அவள் தட்டைப் பார்த்தாள். முழங்கை வரை தோல் செக்கச்செவேலென்று இருந்தது. விரலை வாய் அருகே கொண்டுபோக முடியவில்லை. “நாளைக்கு எனக்கு வேலை போனாலும் போயிடும்.”

“போனா போகட்டும். கடைக்கு வா. அங்கேயும் பார்வை சரியில்லாதவங்கதான் வருவாங்க. ஆனா அவங்க தனக்குப் பார்வை சரியில்லைன்னு ஒத்துக்கிட்டு வருவாங்க.” ஒரு கரண்டியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். “இதால சாப்பிடு.”

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். உயரம், வெண்பட்டுத் தலைமுடி, பஞ்சு மாதிரிக் கை. தன்னை ‘இந்தச் சிறியவன்’ என்று சொல்லிக்கொள்கிற வகைப் பெரியவர். அவர் பின்னால் மருத்துவ உலகத்தின் மிச்சப் பெரியவர்கள், அவர்களுக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்கள். இயக்குநர் முன்னுரை சொல்லிக்கொண்டே எல்லாரையும் கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துவந்தார். பெட்டியைப் பார்க்காமலே கையை நீட்டிக் காட்டினார்.

“இதோ, தலைவர் அவர்களின் காலத்தை வென்ற...”

பெரிய டாக்டர் குனிந்தார். பார்த்தார். பிறகு படித்தார். சிவப்பின் மேல் கறுப்பாக, தூரத்தில் நின்றவர்களுக்கும் தெரிகிற அளவில், ‘திரும்பப் பெறப்பட்டது. இதில் பிழைத்ததாகச் சொல்லப்படும் குழந்தைகளில் பாதிப்பேர் இருந்ததற்கே சான்றில்லை’ என்று இருந்தது.

இயக்குநரின் நாக்கு பழக்கதோஷத்தில் வெளியே வந்தது. புரட்டப் பக்கம் எதுவும் இல்லாததால் அப்படியே நின்றது.

“யார் இதை இங்கே ஒட்டினது?” என்றார் பெரிய டாக்டர்.

“நான்தான்,” என்றாள் துணை நூலகர். “முதல் தடவையும் நான்தான். நேத்தும் நான்தான்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, உயர்ந்து நின்ற படக்கருவிகளைப் பார்த்தார். அந்தத் திரும்பலுக்குள் ஒரு கணக்குப் போட்டு விடையும் எழுதிவிட்டார் என்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

“அம்மா,” என்றார் குரல் தழுதழுக்க, “இந்தச் சிறியவன் தன் வாயால சொல்லணும்னு இருந்ததை நீங்க சொல்லிட்டீங்க.” அதற்குப் பிறகு குரல் மேடைக்கு ஏறியது. தவறாத மனிதன் உண்டா. தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு. விஞ்ஞானம் என்பது அடக்கம். பிறக்காத குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறந்து கெட்டவர்களைப் பற்றியும் இல்லை. காய்ச்சல் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற இதழாசிரியரைப் பற்றி எப்படி இருக்கும். கைதட்டல் காதைப் பிளந்தது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு அதையே கிரீடம் என்று காட்டுகிறவரை அன்றுதான் பார்த்தாள்.

“பெட்டியைத் திறங்கம்மா.” திறந்தாள். சீட்டின் ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் அதைப் பரிவோடு பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் வைத்து நன்றாக நனைத்து, தூக்கிய ஓரத்தில் தடவி அழுத்தினார். எலி ரோமம் ஒட்டியிருந்த அதே ஓரம்.

“சார், இன்னொரு தடவை,” என்றார்கள் படம் எடுப்பவர்கள்.

விரல் மறுபடி நாக்குக்குப் போனது. இந்த முறை சீட்டைத் தொட்ட விரல். “பழங்காலப் பசை,” என்றார் ரசித்து, “என்னமோ ஒரு புளிப்பு.”

அதற்குள் இயக்குநருக்கு உயிர் வந்துவிட்டது. சிவப்புச் சீட்டு மரபைத் தாம் பேணிவரும் விதம் பற்றி முன்னுரை தொடங்கிவிட்டார். மற்றச் சீட்டுகளையும் இன்றே இங்கேயே பெரியோர் தங்கள் திருக்கரங்களால் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தார். மச்சினன் கயிற்றிலிருந்து அவிழ்த்த சீட்டுகளைத் தாம்பாளத்தில் கொண்டுவந்தார். துணை நூலகரைப் பார்த்து, தொட்டியைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு நாக்காக வெளியே வந்தது: வெளுத்த நாக்கு, மஞ்சள் படிந்த நாக்கு, வெடித்த நாக்கு. சீட்டின் முதுகை நீளமாக நக்கினார்கள், படக்கருவியைப் பார்த்தார்கள், ஒட்டினார்கள். அவள் ஒவ்வொரு தொகுதியையும் சரியான பக்கத்தில் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சீட்டும் இடம் மாறவில்லை.

“நல்லா நனைச்சு ஒட்டுங்க சார்,” என்றாள் ஒருவரிடம். “அப்பத்தான் பிடிக்கும்.” அவர் கடமையுணர்வோடு இன்னொரு முறை நக்கினார்.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பொய்யும் மறுபடி கட்டுக்குள் வந்துவிட்டது. பத்திரிகைகளில் வரப்போகிறது என்பதால், சீட்டோடு புதிதாகப் படம் பிடித்து மின்னூலகத்தில் ஏற்ற உத்தரவும் போட்டாயிற்று. எல்லை ஊரிலிருந்து ஒரு வரி வந்தது: ‘வலிப்பு நின்னுடுச்சு. பால் குடிக்கிறான்.’ அதைப் படிக்கும்போது மட்டும் அவளுக்கு வாயில் இருந்த கசப்பு கொஞ்சம் இறங்கியது.

கிளம்பும் நேரத்தில் இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் மலரின் அச்சுப்படி. முகம் மலர்ந்திருந்தது.

“மேடம், அந்த ரெண்டு பக்கத்தைத் திரும்பச் சேர்த்துடுங்க. சிவப்புச் சீட்டு. இப்போதைய இயக்குநரின் காலத்தில் புத்துயிர் பெற்றதுன்னு ஒரு வரி.” விரலை நக்கி, அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து நீட்டினார்.

அவள் இரண்டு நகங்களால் வாங்கிக்கொண்டாள். “சரி சார். அப்படியே பிணவறையையும் சேர்த்துடட்டுமா?”

இயக்குநர் முகத்தைச் சுளித்தார்.

“வேண்டாம் மேடம்,” என்றார். “அசிங்கமா இருக்கும்.”